நூல் பொறுக்கும் நாள்

அந்தச் சலவை ஆலையில் வருடத்துக்கு இரண்டு முறை துணியில் நூல் முளைக்கும்.

மற்ற நாட்களில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் இஸ்திரி ரோலரிலிருந்து சூடாக, வழவழவென்று வெளியே வரும். எதிரெதிரே நிற்கிற இரண்டு பெண்கள் ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து இழுத்து, மடித்து, கிட்ட நடந்து வந்து சேர்த்து, மறுபடியும் மடித்து, அடுக்கில் வைத்துவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டுவார்கள். ஆனால் அளவு எடுக்க ஆள் வருகிற நாளில் மட்டும் ஒவ்வொரு விரிப்பிலும் எங்கேயோ ஒரு நூல் பிரிந்து நிற்கும். அதைக் கண்டுபிடித்து, குனிந்து, இரண்டு விரலால் எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கீழே போட்டுவிட்டுத்தான் மடிக்க முடியும். எடுத்தது நூல்தானா என்று கேட்டால் எடுத்தவளுக்கே தெரியாது.

அளவு எடுக்க வருகிறவருக்குக் கடிகாரக்காரர் என்று பெயர். இப்போது அவர் கையில் கடிகாரம் கிடையாது, போன்தான் இருக்கிறது. ஆனாலும் வைத்த பெயரை மாற்ற யாருக்கும் நேரமில்லை. ஒரு மணி நேரத்தில் ஒரு ஜோடி எத்தனை விரிப்பு மடிக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்த்து எழுதிக்கொண்டு போவார். அவர் எழுதுகிற எண்தான் அடுத்த ஆறு மாதத்துக்கு மடிப்பு மேஜையில் நிற்கிற இருபது பெண்களின் தலையெழுத்து. அந்த எண்ணைத் தொடாத ஜோடிக்கு அன்றைக்கு அரைச் சம்பளம். ஒரே வாரத்தில் மூன்று நாள் தொடவில்லை என்றால் வீட்டுக்குப் போகலாம்.

இப்போதைய எண் தொண்ணூறு. அது ஒரு மனுஷி மாலைவரை நின்று தாக்குப்பிடிக்கக்கூடிய எண். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் யார் வேண்டுமானாலும் நூற்றுப் பத்து மடித்துவிடலாம். எட்டு மணி நேரம் அப்படி மடித்தால் மறுநாள் கையைத் தூக்கித் தலை வார முடியாது. இதைப் போனுக்குள் எழுத இடமில்லாததால்தான் பெண்கள் நூல் பொறுக்கினார்கள்.

இந்த விஷயம் எங்கேயும் எழுதி வைக்கப்பட்டதில்லை. புதிதாக வருகிறவளிடம் ஒரு மாதம் சொல்லவும் மாட்டார்கள். ஆள் எப்படி, வாய் எப்படி என்று பார்த்துவிட்டுத்தான் காதில் போடுவார்கள். மூன்று வாரத்துக்கு முன் சேர்ந்திருந்த புதுசு, போன வாரம் ஒத்திகை நடந்தபோது, “எங்கக்கா நூல்? எனக்கு ஒண்ணுகூடத் தெரிய மாட்டேங்குதே” என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். “உனக்குப் பார்வை சரியில்லை, டாக்டரைப் பாரு” என்று சொல்லிவிட்டார்கள். அவளும் பாவம், கண் டாக்டருக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

மடிப்பு மேஜையில் கெட்டிக்காரி யாரென்றால் நாலுமூலை. வீட்டில் வைத்த பெயர் வேறு, ஆலை வைத்த பெயர் இது. அவள் மடித்த விரிப்பின் நாலு மூலையும் ஒன்றன்மேல் ஒன்று அப்படியே உட்காரும், நகத்தை விட்டுப் பார்த்தாலும் பிசிறு தெரியாது. ஏழு வருடமாக மடிக்கிறாள். ஏழு வருடமாகப் புது ஆள். அதாவது, பதினோரு மாதம் முடிந்ததும் ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எட்டாம் நாள் வந்து புது மனு எழுதி, புது எண் வாங்கி, இன்றுதான் பிறந்தவள் மாதிரி வேலைக்குச் சேர வேண்டும். போன தடவை அவளுடைய மனுவில் ‘முன் அனுபவம்’ என்ற இடத்தில் கிளார்க் ‘இல்லை’ என்று எழுதச் சொன்னான். எழுதினாள்.

அளவு எடுக்கிற செவ்வாய்க்கிழமை அவள் அரை உயிராக வந்தாள். அவள் குடியிருந்த லைன் வீட்டில் எட்டு அறைக்கு ஒரே குழாய். மோட்டார் பழுதாகி நாலு நாளாகியும் வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கவில்லை. விடிவதற்கு முன்னால் வருகிற தண்ணீர் லாரிக்காக மூன்று நாளாக வரிசையில் நின்றிருந்தாள். அதற்கு நடுவில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை, ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக்கு அவசரமாம். கண் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

சூப்பர்வைசர் அன்றைக்கு ஜோடிகளை மாற்றிப் போட்டார். நாலுமூலைக்கு எதிரே புதுசு வந்து நின்றாள். கடிகாரக்காரர் போனைத் தட்டினார்.

முதல் பத்து விரிப்புக்கு நாலுமூலை ஒழுங்காக நூல் பொறுக்கினாள். அதற்கப்புறம் ரோலரின் சூடு முகத்தில் அடித்தது. அதன் சத்தம் ஒரே சீராக ஓடியது. மெதுவாக வேலை செய்ய மூளை வேண்டும், கவனம் வேண்டும், ‘இப்போது குனி, இப்போது நிமிர்’ என்று உள்ளே ஒருத்தி விழித்துக்கொண்டு சொல்ல வேண்டும். வேகமாக வேலை செய்ய ஒன்றும் வேண்டாம். ஏழு வருடப் பழக்கம் கையிலேயே இருந்தது. உள்ளே இருந்தவள் அக்கடா என்று தூங்கிப் போனாள், கை தன் பாட்டுக்கு ஓடியது. புதுசும், பெரியவங்க வேகமாப் போறாங்க, நாமும் போவோம் என்று விழுந்தடித்துக்கொண்டு ஈடு கொடுத்தாள். அடுத்த மேஜையில் நின்ற நெட்டையக்கா இருமினாள். பிறகு செருமினாள். கடைசியில் தொண்டை கிழிய இருமினாள். கடிகாரக்காரர் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நாலுமூலை காதில் எதுவும் விழவில்லை.

நூற்றுப் பதினெட்டு.

மறுநாள் காலை பலகையில் தொண்ணூறை அழித்துவிட்டு நூற்றுப் பத்து என்று எழுதியிருந்தார்கள். கருணை காட்டி எட்டைக் குறைத்திருக்கிறார்களாம். பெண்கள் பலகையைப் பார்த்தார்கள், பிறகு நாலுமூலையைப் பார்த்தார்கள். அப்படியே மேஜைக்குப் போய் மடிக்க ஆரம்பித்தார்கள். திட்டியிருந்தால் தேவலை.

சூப்பர்வைசர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். அவரும் ஒரு காலத்தில் மடித்தவர்தான், விரல் நுனியெல்லாம் சூடு பட்டுக் காய்த்திருக்கும்.

“உனக்கு நல்ல காலம் பொறந்துடுச்சும்மா. இந்த வருஷம் பெர்மனென்ட் ஒரே ஒரு ஆளுக்குத்தான். உன் பேரை எழுதியாச்சு.”

“எனக்கா சார்?”

“பின்னே எனக்கா? செவ்வாய்க்கிழமை நீ மடிச்சதுல ஒரு அடுக்கு மாதிரிக்கு அலமாரியில இருக்கு. வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு மேனேஜர் பிரிச்சுப் பார்ப்பாரு. வழக்கமான சடங்குதான். உன் அடுக்குல என்ன குறை இருக்கப் போவுது? பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டுடுவாரு.”

சந்தோஷம்தான். அதை இல்லை என்று சொல்ல முடியாது. பெர்மனென்ட் என்றால் வருடா வருடம் புதிதாய்ப் பிறக்க வேண்டாம். காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு படுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆலைக்குப் பின்னால் இருக்கிற குவார்ட்டர்ஸில் இரண்டு அறை வீடு, உள்ளேயே குழாய். போன வருடம் தெரிந்தவளைப் பார்க்கிற சாக்கில் அங்கே போயிருந்தாள். கை கழுவுகிறேன் என்று சொல்லி உள்ளே போய், குழாயைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஆனால் அதே மடிப்பு மேஜையில் அவள் நாத்தனாரும் நின்றாள்.

நாத்தனார் என்றால் கணவனின் தங்கை. புருஷனோடு சரிப்பட்டு வராமல் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பையோடு வந்து சேர்ந்தவள். ஒற்றை அறைக்கு நடுவில், ஆலையில் கழித்துக் கட்டிய பழைய விரிப்பு ஒன்று தொங்கும். அதற்கு இந்தப் பக்கம் நாலுமூலையும் கணவனும் மகளும், அந்தப் பக்கம் நாத்தனாரின் மாளிகை. இரண்டு பேருக்கும் ஒன்றும் கொஞ்சிக் குலாவுகிற உறவு கிடையாது. அண்ணி கஞ்சம் என்பது நாத்தனாரின் தீர்மானம். நாத்தனார் காலையில் எழுந்திருக்கச் சோம்பேறி என்பது அண்ணியின் தீர்மானம். இரண்டு தீர்மானத்திலும் உண்மை இருந்தது. இருந்தாலும் இரண்டு சம்பளம் சேர்ந்ததால்தான் வாடகை தட்டாமல் போனது, மகள் பத்தாம் வகுப்பு வரை வந்தாள்.

போன மழைக்காலத்தில் ஈரத்துணி மூட்டையைத் தூக்கும்போது நாத்தனாரின் வலது தோளில் ஏதோ பிசகிவிட்டது. கை முகவாய்க்கு மேலே ஏறாது. வெளியே சொன்னால் அன்றோடு வேலை போய்விடும் என்று சொல்லவில்லை. அவள் பிடிக்கிற மூலை எப்போதும் இரண்டு விரல் கீழே இறங்கும். ஜோடியாக நிற்கும் நெட்டையக்கா, அடுக்கில் வைக்கும்போது அதை ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்துவிடுவாள். தொண்ணூறில் அந்த ஒரு தட்டுக்கு நேரம் இருந்தது. நூற்றுப் பத்தில் இல்லை.

புதன்கிழமை அந்த ஜோடி மணிக்கு நூறைக்கூடத் தொடவில்லை. வியாழக்கிழமை தொண்ணூற்றெட்டு. இன்னும் நாலு ஜோடி கோட்டை விட்டன. வெள்ளிக்கிழமையும் விட்டால் மூன்றாகிவிடும்.

வியாழன் மாலை இரண்டு பேரும் ஒரே வழியில், முன்னும் பின்னுமாக நடந்து வீட்டுக்கு வந்தார்கள். நாத்தனார் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். மோட்டார் ஒருவழியாகச் சரியாகியிருந்தது; குழாய் வரிசையில் குடத்தை வைத்துவிட்டு நின்றபடியே படித்துக்கொண்டிருந்த மகள் உள்ளே ஓடிவந்தாள்.

“அம்மா, புது வீட்டுக்கு எப்பப் போறோம்? அங்க வரிசையே கிடையாதாமே?”

“யாருடி சொன்னது?”

“அப்பா போன்ல சொன்னாரு.”

கணவன் லாரியில் சுமை ஏற்றி இறக்குகிறவன். வாரத்தில் நாலு நாள் வெளியூர். சந்தோஷத்தை வாயில் வைத்திருக்கத் தெரியாதவன்.

“போய்ப் படி” என்றாள்.

மகள் போனதும் நாத்தனார் சுவரிடம் கேட்பது போலக் கேட்டாள்.

“ஏன் அண்ணி நூல் எடுக்கல?”

“மறந்துட்டேன்.”

“மறந்துட்டீங்க.”

“தூக்கக் கலக்கம்டி. கை தானா ஓடிடுச்சு. சத்தியமா.”

“சரி அண்ணி. நான் ஒண்ணும் சொல்லலையே.” நாத்தனார் தைலப் புட்டியை மூடினாள். “நாளைக்கோட என் கதை முடிஞ்சுது. எங்கயாவது வீட்டு வேலை கிடைக்குதான்னு பார்க்குறேன். பாத்திரம் தேய்க்கத் தோளு வேணாம், முழங்கை போதும். நீங்க குவார்ட்டர்ஸுக்குப் போங்க. நான் கூட வரல.”

“யாரு உன்னை வர வேணாம்னு சொன்னா?”

“யாரும் சொல்லல. எனக்கே ஒரு இது இருக்குல்ல?”

நாலுமூலைக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. நான் என்ன திருடியா வாங்கினேன்? ஏழு வருடம் விரல் வெந்து வாங்கியது. இந்த ஆலையில் யார் எனக்கு எதைச் சும்மா கொடுத்தார்கள்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தூக்கத்தில் ஒரு நல்லது நடந்துவிட்டது, அதுவும் பொறுக்கவில்லையா இவர்களுக்கு? இப்படியெல்லாம் மனசுக்குள் கத்தித் தீர்த்தாள். தீர்த்த பிறகும் நாத்தனார் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். ஐந்து ஜோடி, பத்துப் பெண்கள். அதில் ஒருத்தி போன வாரம்தான் மகனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாகச் சூப்பர்வைசரிடம் போய் நின்றாள்.

“சார், மறுபடி ஒரு தடவை அளவு எடுக்கச் சொல்ல முடியுமா?”

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “கழண்டுடுச்சா உனக்கு? கிடைச்சதை வாங்கிட்டுப் போம்மா.”

“நூத்திப் பத்து எல்லாராலயும் முடியாது சார். என்னாலேயே நேத்து நாலு மணிக்கு மேல முடியல.”

“எனக்குத் தெரியாதா? பத்துப் பேரை வெளியே அனுப்பிட்டு புது ஆளுங்களை வெச்சு நான்தான் மாரடிக்கணும். ஆனா ரூல் ஒண்ணுதான். அளவு எடுத்த அடுக்குல மடிப்பு கோணலா இருந்தா அந்த எண்ணு செல்லாது. மறுபடி எடுப்பாங்க.” அவர் சிரித்தார். “உன் அடுக்குல கோணலைத் தேடுறதுக்கு மேனேஜர் பூதக்கண்ணாடி வெச்சுப் பார்க்கணும்.”

சாப்பாட்டு மணி அடித்ததும் மற்றவர்கள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனார்கள். நாலுமூலை அலமாரி அறைக்குப் போனாள். அவள் எண் எழுதிய அட்டை சொருகிய அடுக்கு நடுத்தட்டில் இருந்தது. ஓரங்கள் கோடு கிழித்தது மாதிரி நேராக இருந்தன. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தன் வேலையைத் தானே நின்று பார்க்க இதுவரை அவளுக்கு நேரம் கிடைத்ததில்லை. நன்றாகத்தான் இருந்தது.

மேலே இருந்ததை எடுத்து உதறினாள். ஒரு முனையை மேஜையில் வைத்து, மறுமுனையைப் பிடித்து, வேண்டுமென்றே ஒரு விரற்கடை தள்ளி மடித்தாள். வைத்துப் பார்த்தால், நேராக இருந்தது. மறுபடி பிரித்தாள், மறுபடி மடித்தாள். கடைசி நொடியில் கை தானாகவே மூலையை இழுத்துச் சேர்த்துவிடுகிறது. பாழாய்ப்போன கை! செவ்வாய்க்கிழமை சொல்பேச்சுக் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை. நாலாவது விரிப்பில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“என்ன பண்றீங்க அண்ணி?”

வாசலில் நாத்தனார் நின்றாள். கையில் இரண்டு டப்பா.

“கதவைச் சாத்து. கோணலா மடிக்கிறேன். வரமாட்டேங்குது.”

நாத்தனார் அடுக்கைப் பார்த்தாள், அட்டையில் இருந்த எண்ணைப் பார்த்தாள், அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். மூன்று மணிக்கு மேனேஜர் வருவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். டப்பாவைக் கீழே வைத்தாள்.

“பெர்மனென்ட் போயிடும் அண்ணி.”

“தெரியும்.”

“அண்ணனுக்கு என்ன சொல்வீங்க?”

“அதை நான் பார்த்துக்கறேன். நீ போய்ச் சாப்பிடு.”

நாத்தனார் போகவில்லை. எதிர்ப்பக்கம் வந்து நின்று, விரிப்பின் இரண்டு மூலையைப் பிடித்தாள்.

“என்கூட மடிங்க. என் பக்கம் தானா இறங்கும்.”

சொந்தக்காரர்களை ஒரே ஜோடியாகப் போடக்கூடாது என்பது ஆலையின் சட்டம். ஒரே வீட்டில் இரண்டு வருடம் இருந்தும் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு விரிப்பு மடித்ததில்லை. இப்போது மடித்தார்கள். நாத்தனாரின் வலது கை முகவாய் வரை வந்து, நடுங்கி, இறங்கியது. மூலை இரண்டு விரல் தள்ளி விழுந்தது. நாலுமூலை தன் கைகளைத் தூக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு அதன் போக்கிலேயே விட்டாள். மேலிருந்து கொஞ்சம், நடுவிலிருந்து கொஞ்சம், அடியிலிருந்து கொஞ்சம். ஒவ்வொரு விரிப்புக்கும் நாத்தனாருக்கு வலித்தது முகத்தில் தெரிந்தது. “போதும்டி” என்று சொன்னபோது, “இன்னும் ரெண்டு” என்றாள். பாதி அடுக்குக்குப் பக்கமாக முடித்திருந்தார்கள்.

அட்டையைத் திரும்பச் சொருகிவிட்டு நாலுமூலை அவள் கையைப் பிடித்தாள்.

“நல்லாக் கேட்டுக்கோ. இது வெளியே போகக் கூடாது. நெட்டையக்காகிட்டகூட மூச்சு விடாதே. ஆபீஸ் காதுக்குப் போச்சுன்னா நூத்திப் பத்தும் திரும்பி வந்துடும், நம்ம ரெண்டு பேருக்கும் வேலையும் போயிடும். எல்லாரும் என்னைப் பத்தி என்ன வேணா பேசட்டும். அவங்க திட்டினா நீயும் திட்டு. சிரிச்சா நீயும் சிரி. நீ மட்டும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிட்டு இருந்தா சந்தேகம் வந்துடும். புரியுதா?”

நாத்தனார் தலையாட்டினாள். இரண்டு பேரும் சாப்பிடாமலே வேலைக்குத் திரும்பினார்கள்.

மூன்று மணிக்கு மேனேஜர் வந்தார். சூப்பர்வைசர் முகமெல்லாம் பல்லாக அடுக்கைத் தூக்கி மேஜையில் வைத்தார். வைத்ததும் பல் மறைந்தது. மேனேஜர் மேலேயிருந்து ஒன்றை எடுத்தார். நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று. ஓரங்கள் படிக்கட்டு போலத் தள்ளித் தள்ளி நின்றன.

“இதுவா நீ சொன்ன வேலை?” என்றார்.

சூப்பர்வைசர் ஒரு விரிப்பைக் கையில் எடுத்தார். சூட்டில் மடித்த விரிப்பைப் பிரித்து மறுபடி மடித்தால் பழைய மடிப்பின் தடம் போகாது, மெல்லிய கோடாகக் கிடக்கும். மேனேஜருக்கு அது தெரியாது, மடித்தவனுக்குத் தெரியும். அவர் கட்டைவிரல் அந்தக் கோட்டின்மேல் ஒரு முறை போய்வந்தது. நாலுமூலையைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கோணல்தான் சார்” என்றார் சூப்பர்வைசர். “அவசரத்துல அலங்கோலமா மடிச்சிருக்கா.”

“என்னம்மா, பெர்மனென்டுக்கு ஆசைப்பட்டுக் கண்ணுல மண்ணைத் தூவப் பார்த்தியா?”

“ஆமா சார்” என்றாள் நாலுமூலை.

அதையே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவதற்காக மடிப்பில் தரம் பார்க்காமல் வேலை செய்தேன் என்று சூப்பர்வைசர் சொல்லச் சொல்ல எழுதினாள். ஏழு வருடத்தில் அவள் வேலையைப் பற்றி ஆலை எழுதி வாங்கிய முதல் வரி அதுதான். அதை எழுதும்போது, பெர்மனென்ட் போனதைவிட, நான் ஒழுங்காக மடிக்கவில்லை என்று என் கையாலேயே எழுதுகிறேனே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

காகிதத்தை வாங்கும்போது சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்தி, “பைத்தியக்காரி” என்றார். திட்டாகச் சொன்னாரா, வேறு எதுவாகவாவது சொன்னாரா என்று யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை.

அன்றைக்கே பலகையில் நூற்றுப் பத்தை அழித்தார்கள், அதன் கணக்கில் கோட்டை விட்ட நாட்களும் செல்லாமல் போயின. அடுத்த வாரம் கடிகாரக்காரர் மறுபடி வந்தார். எல்லாத் துணியிலும் நூல் முளைத்திருந்தது. புதுசுக்கும் இப்போது பார்வை தெளிந்து, எல்லோரையும்விட அதிகமாகப் பொறுக்கினாள். தொண்ணூற்றொன்று வந்தது. பெண்கள் மூச்சு விட்டார்கள். யாருக்கும் வேலை போகவில்லை.

நாலுமூலையை மட்டும் மடிப்பு மேஜையிலிருந்து எடுத்து அழுக்குப் பகுதிக்கு மாற்றினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற மூட்டைகளைப் பிரித்து, ரத்தம் தனி, மலம் தனி என்று ஒதுக்குகிற இடம். அங்கே சம்பளம் ஒரு படி குறைவு. கையுறை கொடுத்தார்கள், ஓட்டையோடு. குவார்ட்டர்ஸ் வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்தார்கள். கணவனிடம், மேனேஜருக்கு வேண்டியவளுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டாள். “போனாப் போவுது விடு” என்று சொன்னவன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மகள் குடத்தை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் வைத்தாள்.

ஆலையில் கதை வேறு மாதிரி ஓடியது. நம்மையெல்லாம் விற்றுவிட்டுப் பெர்மனென்ட் வாங்கப் பார்த்தாள், அதிலும் ஏமாற்று வேலை, கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள், நமக்கு நல்ல நேரம் என்று பேசிக்கொண்டார்கள். யாராவது துணியை ஏனோதானோ என்று மடித்தால் அதற்கு ‘பெர்மனென்ட் மடிப்பு’ என்று பெயர் வைத்தார்கள். இரண்டே நாளில் லாரி டிரைவர்கள் வரைக்கும் அந்தப் பெயர் பரவிவிட்டது.

முதல் ஒரு வாரம் நாலுமூலை தனியாகச் சாப்பிட்டாள். அழுக்குப் பகுதி வாசலில், கழுவிக் கழுவியும் போகாத நாற்றத்தோடு உட்கார்ந்து, நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவாள். ஆனால் எத்தனை நாளைக்கு ஒளிவது? அடுத்த திங்கட்கிழமை டப்பாவோடு மரத்தடிக்குப் போனாள். நெட்டையக்கா நகர்ந்து இடம் கொடுத்தாள், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. நாத்தனார் வட்டத்தின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

சாப்பாடு முடிகிற நேரத்தில் ஒருத்தி டப்பா கட்டி வந்த துணியைச் சுருட்டி மடியில் போட்டாள். இன்னொருத்தி நாலுமூலையை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, “என்னடி, பெர்மனென்ட் மடிப்பா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். சிரிப்பு அடங்கப் போனது. நெட்டையக்கா அவளையே பார்த்துக்கொண்டிருப்பதை நாலுமூலை கவனித்தாள். சிரிடி, என்று மனசுக்குள் கெஞ்சினாள். சிரித்துத் தொலை.

நாத்தனார் நிமிர்ந்தாள்.

“இங்க மட்டுமா? எங்க அண்ணி வீட்டுல பாயைக்கூட அப்படித்தான் மடிப்பாங்க” என்றாள். “பாதி சுவருக்கு ஏறியிருக்கும், பாதி வாசலுக்குப் போயிருக்கும். கேட்டா, வீட்டையும் பெர்மனென்ட் பண்ணப் போறேன்னு சொல்வாங்க.”

மரத்தடியே அதிர்ந்தது. ஒருத்திக்குப் புரையேறியது. நெட்டையக்கா நாத்தனாரின் முதுகில் தட்டித் தட்டிச் சிரித்தாள், வலிக்கிற தோளுக்குப் பக்கத்திலேயே தட்டினாள். நாத்தனார் அதையும் தாங்கிக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். நடிப்பு என்று ஒரு பிசிறுகூடத் தெரியவில்லை.

சிரிக்கத்தான் சொல்லியிருந்தாள். கேலிக்கு அடி எடுத்துக் கொடுக்கச் சொல்லவில்லை. இந்த இரண்டு வாரத்தில் எவ்வளவோ தாங்கியிருந்த நாலுமூலைக்கு இது மட்டும் நேராக நெஞ்சில் போய்த் தைத்தது. அவளைத் தவிர எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நெட்டையக்கா இப்போது இவள் பக்கம் திரும்பினாள். நாலுமூலை தானும் சிரித்தாள்.